90% தள்ளுபடியில் பைனாகுலர்... வாங்கலாமா?

‘60×60, ராணுவத் தரம், இருட்டிலும் பகல்போலத் தெரியும். 9,999 ரூபாய் பொருள் இன்று மட்டும் 999 ரூபாய்!’

செல்போனைத் திறந்தால் இப்படி ஒரு விளம்பரம் வந்து நிற்கிறது. ‘காட்டுப்பன்றிக் காவலுக்கு இதை வாங்கலாமா?’ என்று வாசகர்கள் கேட்கிறார்கள். மக்காச்சோளம் பால் பிடிக்கும் நேரத்திலும், நிலக்கடலை காய் வைக்கும் நேரத்திலும் இந்தக் கேள்வி கூடுதலாக வருகிறது. அதனால், கேள்வி-பதில் பகுதியில் நான்கு வரியில் சொல்லி முடிக்காமல் இங்கே விரிவாகவே பார்த்துவிடலாம்.

முதலில் நேரடியான பதில். அந்த 999 ரூபாய்ப் பொருளை வாங்க வேண்டாம். அதற்காக பைனாகுலரே வேண்டாம் என்று அர்த்தமில்லை. விவசாயிக்கு அது நல்ல கருவி. காவலுக்கு மட்டுமல்ல, தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கும் கைகொடுக்கும். மரம் ஏற ஆள் கிடைக்காத காலத்தில், தரையில் நின்றபடியே கொண்டையைப் பார்க்கலாம். காண்டாமிருக வண்டு குடைந்த மரத்தில் விரிந்த ஓலைகள் கத்தரியால் முக்கோணமாக வெட்டியதுபோலத் தெரியும். குரும்பையில் ஈரியோபைட் சிலந்தி பாதித்த பழுப்புத் திட்டு, ஓலைக்கு நடுவில் கட்டியிருக்கும் குளவிக்கூடு எல்லாம் ஏறாமலே கண்ணில் படும். ஆள் ஏறுவதற்கு முன்னால் குளவிக்கூட்டைப் பார்த்துச் சொல்வது ஒன்றுக்காகவே ஒரு பைனாகுலர் வாங்கலாம் என்பது என் கருத்து.

தள்ளுபடி எங்கிருந்து கழிக்கப்படுகிறது?

90% தள்ளுபடி என்பது பெட்டியில் அச்சடித்திருக்கும் எம்.ஆர்.பி-யிலிருந்து கழித்த கணக்கு. எம்.ஆர்.பி-க்கு மேல் விற்கக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. இதுபோன்ற பொருள்களுக்கு எம்.ஆர்.பி எவ்வளவு என்பதைத் தயாரிப்பவரோ, இறக்குமதி செய்பவரோதான் தீர்மானிக்கிறார். 999 ரூபாய்க்கு விற்க நினைத்த பொருளில் 9,999 என்று அச்சடித்துவிட்டால், 90% தள்ளுபடி தானாக வந்துவிடும். அந்தப் பொருளை 9,999 ரூபாய் கொடுத்து வாங்கியவர் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

சந்தையில் மாடு பிடிக்கும்போது, விற்பவர் முதலில் சொன்ன விலையிலிருந்து எவ்வளவு இறங்கினார் என்பதை வைத்தா மாட்டை எடை போடுகிறோம்? பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம், நாலு அடி நடக்கவிட்டுப் பார்க்கிறோம். பைனாகுலருக்கும் அப்படிப் பார்க்கப் பல் உண்டு, மடியும் உண்டு.

உண்மையான தள்ளுபடியும் இல்லாமல் இல்லை. பெயர்பெற்ற கேமரா, தொலைநோக்கி நிறுவனங்கள் புது மாடல் வரும்போது பழைய மாடலைக் குறைத்துக் கொடுப்பதுண்டு. பண்டிகைக் காலத்திலும் விலை இறங்கும். கண்டுபிடிக்க ஒரே வழிதான். மாடல் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டு, அதே மாடல் வேறு இரண்டு கடைகளில் இன்று என்ன விலைக்கு விற்கிறது என்று பாருங்கள். அந்த விலைக்கும் உங்களுக்குச் சொல்லும் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் தள்ளுபடி. மாடல் எண்ணே இல்லாமல் ‘ராணுவ பைனாகுலர்’ என்று மட்டும் போட்டிருந்தால் ஒப்பிட வழியே இல்லை. பெரும்பாலும் அதற்காகத்தான் எண்ணைப் போடாமல் விடுகிறார்கள்.

இரண்டு எண்கள்

8×40, 10×50 என்று எழுதியிருப்பதில் முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண், முன்பக்கப் பெரிய லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஒரு விடை வரும். விளம்பரத்தில் அதைப் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். ஆனால், அதுதான் முக்கியமான எண்.

8×40 என்றால் 40-ஐ 8-ஆல் வகுக்க 5 வருகிறது. கண் வைக்கும் பக்கத்தில் 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒளிவட்டம் வெளியே வரும் என்று பொருள். நம் கண் பாவை பகல் வெளிச்சத்தில் 2 முதல் 3 மி.மீ வரை சுருங்கியிருக்கும். அந்தி மங்கலில் விரியும். இளவயதில் இருட்டில் 7 மி.மீ வரைகூட விரியலாம். வயது ஏற ஏற அது குறைந்து, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு 5 மி.மீ அளவிலோ அதற்கும் கீழேயோ நின்றுவிடும். கருவியிலிருந்து வரும் ஒளிவட்டம் கண் பாவையைவிடச் சிறியதாக இருந்தால், பார்க்கும் காட்சி இருண்டு தெரியும். பன்றி காட்டைவிட்டு இறங்குவதும் அந்தி மங்கலில்தான், நமக்கு வெளிச்சம் தேவைப்படுவதும் அப்போதுதான்.

இப்போது அந்த 60×60-ஐ வகுத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர்! எழுதியிருப்பது உண்மையாகவே இருந்தாலும், பொழுது சாய்ந்த பிறகு அதில் ஒன்றும் தெரியாது. அதோடு, 60 மடங்கு பெரிதாக்கினால் கை நடுக்கமும் 60 மடங்காகும். 10 மடங்குக்கு மேலே போனாலே வெறும் கையில் பிடித்து நிலையாகப் பார்ப்பது சிரமம். எழுதியிருப்பது உண்மையில்லை என்பதுதான் நமக்கு ஒரு வகையில் நல்லது. இப்படிப்பட்ட பொருள்களை அளந்து பார்த்தால் பெரும்பாலும் எட்டு, பத்து மடங்குதான் வரும்.

விவசாயிக்கு ஏற்றது 8×40 அல்லது 8×42. நான் பார்த்தவரை இதுதான் எல்லா வேலைக்கும் ஒத்துவருகிறது. சமவெளியில் தூரம் அதிகம் என்றால் 10×50 வாங்கலாம். ஆனால், எடை முக்கால் கிலோவைத் தாண்டிவிடும். கழுத்தில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்தால் அரை மணி நேரத்தில் கழட்டி வைத்துவிடுவோம். கையடக்கமான 8×21 பகலில் நன்றாக இருக்கும். அந்திக்கு உதவாது, வகுத்துப் பார்த்தால் ஏன் என்று தெரியும். மடங்கைக் கூட்டிக் குறைக்கும் ‘ஜூம்’ வகையும், திருகவே தேவையில்லை என்று சொல்லும் ‘போகஸ் ஃப்ரீ’ வகையும் மலிவு விலையில் நன்றாக அமைவதில்லை.

இருட்டில் தெரியுமா?

இந்த இடத்தில்தான் பணத்தைவிடப் பெரிய இழப்பு ஏற்படலாம். சாதாரண பைனாகுலர், இருக்கும் வெளிச்சத்தைச் சேர்த்துக் கொடுக்கும். இல்லாத வெளிச்சத்தை உண்டாக்காது. அமாவாசை இருட்டில் எவ்வளவு விலை உயர்ந்த பைனாகுலரிலும் இருட்டுதான் தெரியும். ‘நைட் விஷன்’ என்று அச்சடித்து, லென்ஸில் சிவப்பு அல்லது பச்சைப் பூச்சு பூசி விற்பதற்கும் இரவுக் காட்சிக்கும் சம்பந்தமே இல்லை. உண்மையான இரவுக் காட்சிக் கருவிக்கு பேட்டரி உண்டு, திரை உண்டு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கும் பெரும்பாலும் உடன் இருக்கும். உடல் சூட்டை வைத்துக் காட்டும் ‘தெர்மல்’ கருவி அதைவிடப் பல மடங்கு விலை. பேட்டரி போட இடமே இல்லாத பைனாகுலரை யாராவது ‘இரவிலும் தெரியும்’ என்று விற்றால், அந்த ஒரு வார்த்தையை வைத்தே ஒதுக்கிவிடலாம்.

தாளவாடிப் பக்கம் ஒரு விவசாயி சொன்னது இது. இப்படி வாங்கிய பைனாகுலரில் வீட்டுத் திண்ணையிலிருந்து வாழைத் தோட்டத்தைப் பார்த்திருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை. ‘ஒன்றும் இல்லை’ என்று நினைத்து மோட்டார் போடக் கிளம்பியிருக்கிறார். பாதி வழியில் வாழை முறியும் சத்தம். நின்று கேட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டார். சத்தம் கேட்டிருக்காவிட்டால் குட்டியோடு நின்ற யானையின் காலடிக்கே போயிருப்பார். ‘கண்ணாடி இல்லாமலிருந்தா அந்நேரத்துக்கு நான் இறங்கியே இருக்க மாட்டேங்க. அதுல பாத்துட்டம்ங்கற தைரியத்துலதான் போனேன்’ என்றார். யானை நடமாட்டம் உள்ள இடங்களில் இரவுக் காவலுக்குப் பணம் ஒதுக்குவதாக இருந்தால், முதலில் நல்ல டார்ச் லைட்டுக்கு ஒதுக்குங்கள். பைனாகுலர் விடியற்காலைக்கும் அந்திக்கும்.

வந்த அன்றே பத்து நிமிடச் சோதனை

பெட்டியைப் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் கீழே சொல்லும் சோதனைகளைச் செய்துவிட வேண்டும். கடையில் வாங்கினால் வாசலிலேயே செய்யலாம். நல்ல கடைக்காரர் தடுக்க மாட்டார். எந்தச் சோதனையிலும் சூரியனை நோக்கிப் பார்க்கக் கூடாது. ஒரு நொடியில் விழித்திரை பொசுங்கிவிடும். குழந்தைகள் கையில் கொடுக்கும்போதும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

மடங்கு சரிதானா என்று பார்க்க ஹாலோ பிளாக் சுவர் அல்லது ஓட்டுக்கூரை போதும். முப்பது, நாற்பது அடி தள்ளி நின்று, ஒரு கண்ணைக் குழாயில் வைத்து, மறு கண்ணை வெறுமனே திறந்து பாருங்கள். இரண்டு காட்சியும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். குழாயில் தெரியும் ஒரு கல், வெறும் கண்ணுக்குத் தெரியும் எத்தனை கல்லை மறைக்கிறது என்று எண்ணுங்கள். எட்டுக் கல் என்றால் எட்டு மடங்கு. பழகும் வரை கொஞ்சம் தடுமாறும், பிறகு வந்துவிடும்.

அடுத்தது ஒளிவட்டம். பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு அடி தள்ளிப் பிடித்து, வெளிச்சமான வானத்தைப் பார்த்து நிறுத்துங்கள். கண் வைக்கும் ஒவ்வொரு லென்ஸின் நடுவிலும் வெள்ளையாக ஒரு சிறு வட்டம் தெரியும். பள்ளிக்கூட ஸ்கேலை லென்ஸின்மேல் வைத்து அதை அளக்கலாம். 8×40-க்கு 5 மி.மீ வர வேண்டும். வட்டம் மூன்றரை மி.மீதான் இருக்கிறது என்றால், 8-ஆல் பெருக்கினால் 28. முன்பக்கம் 40 மி.மீ லென்ஸ் போட்டிருந்தாலும், உள்ளே வளையம் வைத்து அடைத்துவிட்டார்கள், 28 மி.மீ அளவுக்குத்தான் வேலை செய்கிறது என்று பொருள். நான்கு படி அளக்கும் பாத்திரத்துக்குள் மேடை வைத்து மூன்று படி அளப்பது மாதிரிதான். மலிவுப் பொருளில் மிக அதிகமாக நடப்பது இதுதான். வெளியே தெரியவே தெரியாது.

அந்த வட்டத்தின் வடிவத்தையும் கவனியுங்கள். விளிம்புவரை வெளிச்சமாக, முழு வட்டமாக இருந்தால் உள்ளே இருக்கும் பட்டகக் கண்ணாடி ‘பேக்-4’ எனப்படும் உயர்ந்த ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம். நான்கு ஓரமும் மங்கிச் சதுரம்போலத் தெரிந்தால் அது ‘பி.கே-7’ என்ற சாதாரண ரகம். பி.கே-7 என்பதால் ஒதுக்கிவிட வேண்டியதில்லை, விலைக்கேற்றபடி இருந்தால் சரி. பெட்டியில் பேக்-4 என்று எழுதிவிட்டு உள்ளே சதுரமாகத் தெரிந்தால்தான் ஏமாற்று.

எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை, இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கிறதா என்பது. நுகத்தில் பூட்டிய இரண்டு மாடு ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் ஏர் ஓடுமா? தூரத்தில் உள்ள செல்போன் கோபுரத்தின் நுனியையோ, கூரையின் முகட்டையோ பாருங்கள். கண்ணை மூடி, சில விநாடி கழித்துத் திறக்கும்போது முதல் நொடியில் இரண்டாகத் தெரிந்து பிறகு ஒன்றாகச் சேர்கிறதா? அப்படியென்றால் குழாய்கள் நேராக இல்லை. உருவத்தை ஒன்று சேர்க்கும் வேலையை நம் கண் செய்கிறது. அரை மணி நேரம் பார்த்தால் தலைவலி வரும். ஒரு குழாயின் உருவம் மற்றதைவிட மேலே ஏறியிருந்தால் அது மோசமான குறை. வீட்டில் சரிசெய்ய முடியாது. எத்தனை சதவிகிதத் தள்ளுபடியில் வந்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான். ஒரே மாடலில் நன்றாக உள்ளதும் உண்டு, கோணலானதும் உண்டு என்பதால், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியது நன்றாக இருக்கிறது என்பதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது.

பார்வையின் அகலத்தை வேலிக் கல்லை வைத்துப் பார்த்துவிடலாம். பத்தடிக்கு ஒரு கல் நட்ட வேலியை 100 மீட்டர் தள்ளி நின்று நேராகப் பார்த்தால், நல்ல 8 மடங்கு பைனாகுலரில் நான்கு இடைவெளியாவது ஒரே பார்வையில் அடங்கும். இரண்டுதான் அடங்குகிறது என்றால், ஓடும் பன்றியைத் தேடிப் பிடிப்பதற்குள் அது அடுத்த தோட்டத்துக்குப் போயிருக்கும்.

சிவப்பு லென்ஸ் மயக்கம்

கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4% ஒளி திரும்பிப் போய்விடும். பைனாகுலருக்குள் இப்படிப் பத்துப் பரப்பு இருந்தால், பூச்சு இல்லாத கருவியில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வீண். நல்ல பூச்சு இருந்தால் ஒரு பரப்பில் அரை சதவிகிதத்துக்கும் கீழே குறைத்துவிடலாம். பெட்டியில் ‘ஃபுல்லி மல்ட்டி கோட்டட்’ என்று இருந்தால், எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். ‘கோட்டட்’ என்று மட்டும் இருந்தால் ஏதோ ஒரு பரப்பில் ஒரு பூச்சு இருக்கிறது, அவ்வளவுதான்.

டியூப் லைட்டுக்குக் கீழே லென்ஸைச் சாய்த்துப் பாருங்கள். விளக்கின் பிம்பம் மங்கலாக, கரும்பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் நல்லது. பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் அந்தப் பரப்பில் பூச்சு இல்லை. மாணிக்கக்கல் மாதிரி சிவப்பாக மின்னும் லென்ஸ் பார்க்க அழகுதான். ஆனால், சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் அது சிவப்பாக மின்னுகிறது. அந்த ஒளி நம் கண்ணுக்கு வராது. பழுத்த தக்காளியும் தென்னையின் பழுப்பும் அதில் நிறம் மாறித் தெரியும்.

ஸ்டிக்கரைப் படியுங்கள்

வெளிநாட்டிலிருந்து வந்த பொருளின் பெட்டியில், இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி, மாதம், ஆண்டு, புகாருக்கான தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். இது 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதி. இணையத்தில் விற்றால், எந்த நாட்டில் தயாரானது என்பதையும் காட்ட வேண்டும். இந்த ஸ்டிக்கரே இல்லாத பொருளுக்கு நாளை பதில் சொல்ல ஆள் இல்லை. ‘மாற்றித் தருவோம்’ என்பதும் ‘பணம் திருப்பித் தருவோம்’ என்பதும் வேறு வேறு. வாங்கும் முன்பே எது என்று பாருங்கள். கோணலான பைனாகுலருக்குப் பதில் இன்னொரு கோணலான பைனாகுலர் வந்தால் என்ன பயன்?

விற்றவர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். 2020-ம் ஆண்டின் இணைய வணிக விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 999 ரூபாய்க்கு யார் அலைவது என்று விட்டுவிடுவோம் என்பதும் விற்பவருக்குத் தெரியும். அதனால் பில்லையும் வீடியோவையும் பத்திரமாக வைத்திருங்கள். 1915-க்குப் பேச பஸ் ஏற வேண்டியதில்லை.

சில கேள்விகள்

‘நான் கண்ணாடி அணிபவன். பைனாகுலரில் பார்க்க முடியுமா?’

முடியும். ‘ஐ ரிலீஃப்’ என்ற அளவு 15 மி.மீ அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரப்பர் வளையத்தை மடக்கிவிட்டு அல்லது உள்ளே திருகிவிட்டுப் பார்த்தால் முழுக் காட்சியும் தெரிய வேண்டும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்க்கலாம். வலது கண் பக்கமுள்ள திருகில் சரிசெய்துகொள்ளலாம்.

‘ஏர்கன்னுக்கு 3-9×40 ஸ்கோப் பாதி விலையில் கிடைக்கிறது. மயில், பன்றி விரட்ட வாங்கலாமா?’

ஸ்கோப்புக்கும் அதே வகுத்தல் கணக்குதான். 9 மடங்கில் வைத்தால் ஒளிவட்டம் 4.4 மி.மீ. ஆனால், விரட்டுவதற்கு ஸ்கோப் எதற்கு? அது குறிபார்க்க. மயில், காட்டுப்பன்றி இரண்டுமே 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. மயில் அதில் முதல் அட்டவணையில் இருக்கிறது. சுட்டால் வழக்கு நிச்சயம். அந்தப் பணத்தை வேலிக்குப் போடுங்கள். சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீடு கேட்டு மனுக் கொடுங்கள்.

‘பழைய பைனாகுலர் வாங்கலாமா?’

தாராளமாக. பெயர்பெற்ற நிறுவனத்தின் பழைய 8×40, புதிய மலிவுப் பொருளைவிட நன்றாக இருக்கும். முன்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலைபோலவோ, பஞ்சுபோலவோ தெரிந்தால் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் இது சாதாரணம். சுத்தம் செய்வதற்கு ஆகும் செலவு, வாங்கும் விலையைத் தாண்டிவிடலாம். அதனால் வேண்டாம். பூஞ்சணம் இல்லை, குழாய்கள் நேராக இருக்கின்றன, திருகு இறுகாமல் சுழல்கிறது என்றால் விலை பேசலாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துவதும் நல்ல யோசனைதான். வாங்கிய பிறகு தோல் உறையில் போட்டுப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது எடுத்து, காலை வெளிச்சத்தில் காற்றாட வைத்தால் போதும். லென்ஸில் படிந்த தூசியைத் துண்டால் துடைக்காமல் முதலில் ஊதிவிட்டு, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் துடைக்கவும்.